இருபத்தெட்டு வீட்டு நம்பர்

ஜோதிமணி வளைகுடாவில் இருக்கும் புஜைராவுக்கு வந்தது 1999-இல். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துப் பெண், படிப்பு எட்டாவது. கணவர் முனியசாமி அங்கே ஓர் இந்தியப் பள்ளிக்கூடத்தில் பஸ் ஓட்டினார். அதே பள்ளியில் அவளுக்கும் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. பிள்ளைகளுக்கு அவள் ஆண்ட்டி. சம்பளப் பட்டியலில் ஹெல்பர்.

காலையில் பஸ் ஒரு கட்டடத்தை நெருங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்த வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். அது அடித்தால் பிள்ளை கீழே இறங்கி வந்துவிட வேண்டும். போனில் ஆங்கிலத்தில் பெயர் அடித்துச் சேமித்து வைக்க அவளுக்கு வராது. அதனால் எல்லா நம்பரையும் மனதிலேயே வைத்திருந்தாள். ஆறு வருடத்தில் பள்ளியின் நான்கு ரூட்டிலும் மாறி மாறிப் போயிருந்தாள்.

2005 மார்ச் கடைசி. பரீட்சை முடிந்த விடுமுறையில் எட்டாம் வகுப்புப் பெண்களை நான்கு நாள் மஸ்கட்டுக்கு அழைத்துப் போக முடிவானது. அதுவரை பையன்கள் மட்டும்தான் போயிருந்தார்கள். பெண்பிள்ளைகளை இன்னொரு நாட்டுக்கு அனுப்ப அம்மாக்களுக்கு மனம் வரவில்லை. ஆபிதா மிஸ் வீடு வீடாகப் பேசிப் பார்த்தார். கீழக்கரைக்காரர், பள்ளியில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பல வீடுகளில் ஒரே கேள்விதான் வந்தது: பஸ் ஆண்ட்டி கூட வருகிறாரா? பிரின்சிபால் வேறு வழியில்லாமல் பட்டியலின் கடைசியில் ஜோதிமணி பெயரையும் சேர்த்தார். அதன் பிறகு இருபத்தெட்டு கையெழுத்தும் இரண்டே நாளில் வந்துவிட்டன.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு எல்லைச் சாவடியில் பஸ் நின்றது. உள்ளே போன ஆபிதா மிஸ் முகம் வெளிறித் திரும்பி வந்தார்.

"ஜோதியக்கா, பெத்தவங்க சம்மதக் கடிதமெல்லாம் இருந்த ஃபைலு ஆபீஸ் மேசையிலயே தங்கிப்போச்சு. அதில்லாம பிள்ளைகளை ஆபீசர் விட மாட்டேங்குறாரு."

பள்ளி பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த கிளார்க் முந்தின நாளே லீவில் ஊருக்குப் பறந்துவிட்டார். வீட்டு நம்பர்கள் எல்லாம் அதே ஃபைலில். கேட்டுப் பார்த்ததில் பிள்ளைகளில் பலருக்குத் தங்கள் வீட்டு நம்பர் முழுதாகத் தெரியவில்லை. பஸ்ஸுக்குள் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள், அடுத்தவளும் சேர்ந்துகொண்டாள். முனியசாமி வண்டியைத் திருப்பிவிடலாமா என்று கேட்டார்.

"இருங்க. நம்பர்தான வேணும்?" என்று இறங்கினாள் ஜோதிமணி.

அதிகாரி ஓமானி, இந்தி நன்றாகப் பேசினார். பெற்றோர் புதிதாகக் கடிதம் எழுதி, அடையாள அட்டை நகலோடு ஃபேக்ஸ் அனுப்பினால் ஏற்பீர்களா என்று அவள் தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டாள். இருபத்தெட்டும் வர வேண்டும் என்றார் அவர். மதியத் தொழுகைக்குள் முடித்துவிடவும் சொன்னார். அவருடைய ஃபேக்ஸ் நம்பரை ஆபிதா மிஸ் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

முதல் வீட்டுக்கு அடித்தாள். மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாவது வீட்டிலும் எடுக்கவில்லை. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. ஆறு வருடமாக அவள் நம்பரிலிருந்து வந்த அழைப்பை யாரும் எடுத்ததே இல்லை. எடுக்கக்கூடாது என்பதுதானே ஏற்பாடு. விடாமல் மூன்று முறை, நான்கு முறை அடித்தாள். எடுத்தவர்கள் பதறினார்கள்.

அதனால் ஒவ்வொரு வீட்டிலும் முதலில் தைரியம் சொன்னாள். "பாப்பா நல்லாருக்கா சார், பயப்படாதீங்க. ஒரு லெட்டர் மட்டும் அனுப்பணும்."

மலையாள வீடுகளில் பஸ்ஸில் கற்ற மலையாளம், பம்பாய்க்காரர் வீட்டில் இந்தி. அவள் நம்பர் சொல்லச் சொல்ல ஆபிதா மிஸ் தன் போனிலிருந்தும் அடித்தார். புஜைராவில் அப்பாக்கள் கடிதம் அடித்து ஃபேக்ஸ் அனுப்பித் தரும் டைப்பிங் சென்டர்களுக்கு ஓடினார்கள். ஒன்பதரைக்கு முதல் ஃபேக்ஸ் வந்தது. பிறகு நிற்காமல் வந்தது. அதிகாரி இரண்டு தடவை காகிதச் சுருள் மாற்றினார்.

பதினொன்றரைக்கு இருபத்தேழு ஆனது. மாஹிராவுடையது மட்டும் வரவில்லை. அவள் அப்பா மீராசா கப்பல்களுக்கு எண்ணெய் கொண்டுபோகும் படகில் டியூட்டி. நடுக்கடலில் போன் எடுக்காது. அம்மா பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். அந்த ஒரு பிள்ளையை யாராவது திருப்பிக் கூட்டிக்கொண்டு போகட்டும், மற்றவர்கள் கிளம்பலாம் என்றார் அதிகாரி. மாஹிரா யாரிடமும் சொல்லாமல் தன் பையை மேலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பைய மேல வை. உன்ன விட்டுட்டு இந்த வண்டி நகராது" என்றாள் ஜோதிமணி.

இரண்டு வருடத்துக்கு முன் மாஹிராவுக்குப் பஸ்ஸில் காய்ச்சல் கண்டபோது, துறைமுகத்தில் அவள் அப்பாவின் கம்பெனி ஆபீஸுக்கு ஒரு தடவை பேசியிருந்தாள். அந்த நம்பரைக் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். கடைசி இரண்டு எண் முன்பின்னாக வந்து ஒரு கார் ஒர்க்‌ஷாப் எடுத்தது. மாற்றி அடித்தாள். கிடைத்தது. ஆபீஸிலிருந்து ரேடியோவில் படகைக் கூப்பிட்டார்கள். மீராசா சம்மதம் சொன்னார். அவர் அடையாள அட்டை நகல் ஆபீஸிலேயே இருந்தது. மேனேஜர் கையெழுத்தும் கம்பெனி முத்திரையுமாகக் காகிதம் வந்து விழுந்தபோது தொழுகைக்குப் பாங்கு சொல்ல ஐந்து நிமிடம் இருந்தது.

அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். பிறகு, இத்தனை நம்பரையும் எந்தப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறாய் என்று ஜோதிமணியிடம் கேட்டார். அவள் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தத் தொடங்கினார்.

பஸ் ஓமானுக்குள் நுழைந்ததும் எழுந்த கூச்சலில் முனியசாமி ஹாரனை விடாமல் அழுத்தினார். இரவு மஸ்கட்டில் ரூவி பகுதியில் தங்கினார்கள். மறுநாள் படகில் கடலுக்குள் போனபோது டால்பின்கள் கூட்டமாகத் துள்ளின. ஆறு வருடம் கடற்கரை ஊரில் இருந்தும் கடலில் கால் நனைக்க நேரமில்லாத ஜோதிமணி, படகு விளிம்பில் உட்கார்ந்து முழங்கால்வரை நனைத்துக்கொண்டாள்.

அந்த ஏப்ரலில் பள்ளி அவளை டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் ஆக்கியது. 2008-இல் நாற்பது பெண்களுக்குப் பொறுப்பாளராகத் தோஹாவுக்கு விமானத்தில் போனாள். அங்கே நஜ்மா பகுதியில் ஒரு ஹோட்டலில் எல்லோரையும் உட்காரவைத்துப் பரோட்டா சொல்லிவிட்டு முனியசாமிக்குப் போன் செய்தாள். அவர் அப்போது டிரைவர்கள் அறையில் இருந்தார். ஸ்பீக்கரைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "எத்தன பேருக்கு இன்சார்ஜுன்னு இன்னொரு தடவ சொல்லு" என்றார்.