தயக்கத்துக்கு ஒரு சூப்பர்சார்ஜர், ஒரு டர்போ

என் மனைவி டிரைவிங் டெஸ்டில் மூன்றாவது தடவையும் தோற்றபோது, வந்த அறிக்கையில் பெரிய குற்றம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது: தயக்கம். ரவுண்டபவுட் என்கிற சுற்றுவட்டச் சந்தியில், உள்ளே போவதற்கு இடைவெளி கிடைத்தும் போகாமல் நின்றாளாம். முதல் இரண்டு தடவையும் அதே ரவுண்டபவுட், அதே குற்றம்.

அவளுக்கு லைசென்ஸ் அவசரமாகத் தேவைப்பட்டது. பதினொரு வருடமாக லண்டன் கிறீன் ஸ்ட்ரீட்டில் ஒரு புடவைக்கடையில் நின்றபடியே சேலை மடித்துக் கால் வீங்கியவள். முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை ஒன்று கிடைத்திருந்தது. இரண்டு மாதத்துக்குள் லைசென்ஸைக் காட்டினால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். யாரோ கைவிட்ட டெஸ்ட் தேதி ஒன்று ஆறு வாரத்தில் அதிர்ஷ்டமாக அகப்பட்டது. அதையும் விட்டால் அவள் மறுபடி சேலை மடிக்க வேண்டியதுதான்.

அவளுக்கு ஓட்டப் பழக்கியது நான். பத்துப் பாடம் மட்டும் ஒரு பயிற்சிக்காரப் பெண்ணிடம் போனாள். பிறகு நான் நிறுத்திவிட்டேன். இருபது வருடம் ஓட்டுகிற கணவன் வீட்டில் இருக்கும்போது எதற்கு இன்னொரு ஆள் என்பது என் வாதம். கவுன்சிலில் என் வேலையே வீதிகளில் வேகத்தடை போடுவதற்கான விண்ணப்பங்களைப் பார்ப்பது. வேகத்தைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்?

குற்றம் நான் பழக்கிய விதத்தில் இல்லை, அவளிலும் இல்லை, காரில்தான் என்று கண்டுபிடித்தவர் என் ஒன்றுவிட்ட அண்ணர். ஜேர்மனியில் பல வருடம் கார் திருத்திவிட்டு, மனோர் பார்க்கில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருப்பவர். ஜேர்மனியில் செய்யாத எதையும் நல்லது என்று ஒப்புக்கொள்ளமாட்டார்.

“உன்ர கார் சின்ன எஞ்சின். மிதிச்சா அது எழும்பி வாறதுக்குள்ள இடைவெளி போயிடும். பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்யிறது? காத்து வேணும் தம்பி. எஞ்சினுக்குள்ள கூடக் காத்தை அமத்தினாக் கூடப் பெற்றோல் எரியும். கூட எரிஞ்சாக் கூட இழுக்கும்.”

“அப்ப காத்தை அமத்துற டர்போ ஒண்டு போடுவமே, அண்ணை?”

“டர்போ வெளியில போற புகையிலதான் சுத்தும். புகை சேருமட்டும் யோசிச்சுக்கொண்டு நிக்கும். ஏற்கெனவே யோசிக்கிற ஆளுக்கு யோசிக்கிற சாமான் குடுக்கிறதோ? சூப்பர்சார்ஜர் எண்டா எஞ்சினோட பெல்டில கட்டினது, மிதிச்ச உடன இழுக்கும். ஆனா வேகம் கூடினாப் பிறகு அந்தப் பெல்டாலயே எஞ்சினிட்ட இருந்து பலத்தை எடுக்கும். ரெண்டையும் போடுவம். தொடக்கத்தில சூப்பர்சார்ஜர் இழுக்கட்டும், வேகம் பிடிச்சாப் பிறகு டர்போ.”

வேகம் பிடிச்சாப் பிறகு என்று அவர் சொன்ன வேகத்துக்கு எங்கள் பகுதியில் வீதியே இல்லை. எல்லா இடமும் இருபது மைல் வேக எல்லைப் பலகைதான். அதில் பாதிப் பலகைகளின் விண்ணப்பங்கள் என் மேசையைத் தாண்டிப் போனவை. ஆனாலும் எனக்கு அப்போது அது பெரிய ஞானமாகத்தான் பட்டது. மனைவியிடம் சேர்விஸுக்கு விட்டிருப்பதாகச் சொன்னேன்.

நான்கு வாரம் கார் கராஜில் கிடந்தது. பாவம், பழைய சின்னக் கார். அதன் வயிற்றைக் கிழித்து இரண்டு காற்றாடிகளையும் குழாய்களையும் திணித்து, எஞ்சின் மூடி பூட்டாமல் போக, அண்ணர் அதன் உட்பக்கத்தை வெட்டி இடமெடுத்தார். வயர் இழுக்கவென்று உள்ளே தரைவிரிப்பைக் கிளப்பியவர் திடீரென்று கேட்டார்:

“இதென்னடா, இடப்பக்கக் கால்மிதி ஓட்டையாக் கிடக்கு? ஓட்டுற பக்கம் புதுசு மாதிரி இருக்கு.”

“மலிவுச் சாமானா இருக்கும் அண்ணை” என்றேன்.

வேலை முடிந்ததும் முதலில் கோயில், பிறகுதான் இன்சூரன்ஸ். எங்கள் ஆட்களின் வரிசை அது. வெள்ளிக்கிழமை மனைவியையும் ஏற்றிக்கொண்டு போனேன். கார் விசிலடிப்பதை அவள் இரண்டு தரம் விசாரித்தாள். சேர்விஸ் செய்தால் அப்படித்தான் என்றேன். கோயிலடியில் அவளை இறக்கிவிட்டேன். ஐயர் மஞ்சள் பூசி, மாலை போட்டு, நான்கு சில்லுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, “மெல்ல எடுங்கோ” என்றார்.

மெல்லத்தான் மிதித்தேன். சூப்பர்சார்ஜருக்கு அந்தச் சொல் தெரியாது. நான்கு பழமும் ஒரே நேரத்தில் நசிந்தன. மாலை அறுந்தது. ஐயர் தேங்காயோடு சுவரில் ஒட்டிக்கொண்டார். அவருடைய சொந்தக் காருக்கு ஒரு சாண் முன்னால் நான் நின்றேன்.

“எலுமிச்சம்பழம் நசிஞ்சதே போதும் தம்பி. என்னை விடுங்கோ” என்றார் ஐயர்.

உண்மையை அங்கேயே சொல்ல வேண்டியதாயிற்று. மனைவி கத்தவில்லை. “இதிலயோ நான் டெஸ்டுக்குப் போறது?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கும் அவசியம் இருக்கவில்லை. மறுநாள் இன்சூரன்ஸுக்குத் தொலைபேசி எடுத்தபோது, அங்கே பேசிய பெண் இரண்டு காற்றாடிகள் என்பதை இரண்டு தரமும், பழகுகிற ஆள் என்பதை மூன்று தரமும் உறுதிப்படுத்திவிட்டு, பழகுகிறவருக்கு இந்தக் காரில் இனிக் காப்புறுதி தர ஏலாது என்றாள். டெஸ்டுக்கு நான்கே நாள் இருந்தது. அவளுடைய வேலையை நானே கெடுத்துவிட்டேன் என்று அன்று உண்மையாகவே பயந்தேன்.

அவள் தன்பாட்டில் பழைய பயிற்சிக்காரப் பெண்ணை அழைத்தாள். பாடம் முழுக்க வாயே திறவாத பெண் அது, அதைத்தான் நான் முன்பு குறையாகச் சொன்னேன். இரண்டு பாடம் எடுத்து, அந்தப் பெண்ணின் காரிலேயே டெஸ்டுக்குப் போய் வந்தாள். நான் கதவைத் திறந்தபோது போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பாஸ்.

“ரவுண்டபவுட்?”

“இடைவெளி வந்தது. போனன்.”

“அவையின்ர காருக்கு நல்ல இழுவை போல” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து வாசலில் நின்ற எங்கள் காரடிக்குக் கூட்டிப்போனாள். இடப்பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, அந்த ஓட்டைக் கால்மிதியைத் தூக்கிக் காட்டினாள்.

“இது ஆரின்ர கால் செய்த வேலை?”

நான் என் வலது காலைப் பார்த்தேன்.

“அவையின்ர கார் எங்கட காரைவிடச் சின்னன். எஞ்சினில ஒரு குறையுமில்லை, இஞ்சாருங்கோ. நான் எடுக்கேக்கயெல்லாம் நீங்கள் பக்கத்தில இருந்து இல்லாத பிரேக்கை மிதிச்சனீங்கள். ‘நில்லும், நில்லும்’ எண்டு நீங்கள் கத்தினது மூண்டு டெஸ்டிலயும் என்ர காதுக்குள்ள கேட்டது. அதுதான் நிண்டனான்.”

வெட்கமாக இருந்தது. ஒரு மனிதரின் தயக்கத்தைப் போக்க இரண்டு மெசின் பூட்டியவன், தன் வாயைப் பூட்ட யோசிக்கவில்லை.

அண்ணர் முனகிக்கொண்டே இரண்டையும் கழற்றிக் காரைப் பழையபடி ஆக்கித் தந்தார். வேலை தொடங்குவதற்கு முதல்நாள் வழி பார்த்துவர அவள் புறப்பட்டாள். நானும் வாறன் என்று வழக்கம்போல இடப்பக்கக் கதவைத் திறந்தேன்.

“நீங்கள் பின்னால இருங்கோ” என்றாள்.

பின்னால் ஏறினேன். ரவுண்டபவுட் வந்தது, சிவப்பு பஸ் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. என் வலது கால் தானாகவே எழும்பியது. அதை இரண்டு கையாலும் முழங்காலில் பிடித்து அமத்தி வைத்துக்கொண்டேன். அவள் போனாள்.