ஒரே ஒரு டபுள் கிளிக்

எனக்குப் புரோகிராமிங் தெரியாது. படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ. திருவாண்டார்கோயில் பக்கம் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் தரப் பிரிவில் வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் எண்ணும் மெஷின் ஒரு ஃபைலை எழுதி வைக்கும். அதில் இருக்கும் ரிஜெக்ட் எண்ணிக்கையை கம்ப்யூட்டரில் இருக்கும் மாதாந்திரக் கணக்கில் கையால் ஏற்றிக்கொண்டிருந்தேன். யூடியூப் பார்த்து, யாரோ எழுதியதை வெட்டி ஒட்டி, அதற்கு ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் தேற்றினேன். டபுள் கிளிக் செய்தால் கறுப்பாக ஒரு பெட்டி வந்து உடனே மறையும். கணக்கு ஏறியிருக்கும்.

மதிய ஷிஃப்ட் என்னுடையது. காலை ஷிஃப்ட் இன்சார்ஜுக்கும் அதைக் கொடுக்கச் சொன்னார் மேனேஜர். வாட்ஸாப்பில் அனுப்பினேன். போனிலேயே திறந்து பார்த்திருக்கிறார் இன்சார்ஜ். கேன்டீனில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "இன்னா பாப்பா, மந்திரம் எழுதி அனுப்பிக்கிற? இத்த மூணு வேளையும் ஜெபிக்கணுமா?"

நானே போய் அவர் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்றினேன். மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டும் ஒட்டினேன். ஒன்று, மெஷின் ஃபைல் வந்துவிட்டதா பார்க்கவும். இரண்டு, ஒரே ஒரு டபுள் கிளிக். மூன்று, பெட்டி மறைந்தால் வேலை முடிந்தது.

மறுநாள் சீட்டைக் காணோம். "மானிட்டர்ல நோட்டீஸ் ஒட்ட இது இன்னா பஸ் ஸ்டாண்டு கக்கூஸா?" என்றார்.

அந்த மாதம் அவர் ஷிஃப்டில் ரிஜெக்ட் தாறுமாறாக ஏறியது. அங்கே மூடியின் ஓரப் பிசிறைக் கத்தியால் வெட்டும் மேசை ஒன்றுதான். அதில் நின்றது மீனவர் ஊரான பனித்திட்டிலிருந்து வேனில் வரும் ஓர் அக்கா. "மீன் அறுக்கற கைல மூடியக் குடுத்தா இப்பிடித்தான்" என்று லைனில் எல்லோர் காதிலும் விழும்படி இன்சார்ஜ் கத்தினாராம். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று அக்காவிடம் காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார்.

அந்த அக்காவின் மூடிகளை நான் பார்த்திருக்கிறேன். விரலால் தடவினால் எங்கேயும் உறுத்தாது. எனக்குக் கணக்கின் மேல் சந்தேகம் வந்தது. சனிக்கிழமை மதகடிப்பட்டில் முந்தின பஸ்ஸையே பிடித்து, காலை ஷிஃப்ட் முடியும்போது இன்சார்ஜுக்குப் பின்னால் போய் நின்றேன்.

டபுள் கிளிக் செய்தார். பெட்டி வந்தது, மறைந்தது. "சனியன், தொறக்குதா பாரு." மறுபடி தட்டினார். பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் அதே எண்ணிக்கை கணக்கில் இன்னொரு முறை ஏறியது.

"சார், எத்தனை தடவை தட்டுவீங்க?"

"தொறக்கற வரைக்கும். உனக்கு இன்னா?"

மேனேஜரை அங்கேயே கூப்பிட்டேன். அவருக்கு எதிரிலும் தட்டிக் காட்டினார் இன்சார்ஜ், தன் கட்சிக்குச் சாட்சியாக. கணக்கைத் திறந்து காட்டினேன். மேனேஜர் இரண்டு பேரையும் திட்டினார். ரெண்டாவது தட்டில் நிற்கிற மாதிரி ஏன் எழுதவில்லை என்று என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சீட்டைக் கிழித்துப் போட்டவர் பக்கத்தில் நிற்கும்போது அதற்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. ஏற்கெனவே ஏற்றிய ஃபைலை மறுக்கவும், பெட்டி மூடாமல் "முடிந்தது" என்று காட்டவும் ஸ்கிரிப்டை மாற்றினேன்.

திங்கட்கிழமை காலை புது ஸ்கிரிப்டை வைக்கப் போனேன். அக்காவைத் திரும்ப அழைத்திருந்தார்கள். மேசை முன்னால் நின்றார், கத்தியைத் தொடவில்லை.

"இன்னாமா, வேல செய்ய வந்தியா, வேடிக்க பாக்க வந்தியா?" என்றார் இன்சார்ஜ்.

"லைன்ல வச்சித்தான சார் திட்டுனீங்க? லைன்லயே சொல்லுங்க."

"இன்னா சொல்றது? கம்ப்யூட்டரு தப்பு."

அக்கா என்னைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் தப்பு இல்லக்கா" என்றேன். "அவரு தட்டுனது."

"ஏய், வாய மூடு!" என்றார் இன்சார்ஜ் என்னிடம்.

பெல்ட்டில் மூடிகள் வந்துகொண்டே இருந்தன. மேசை நிரம்பி, தரையில் கொட்டத் தொடங்கின. பேக்கிங்கில் இருந்த பெண்கள் கைவேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். மேனேஜர் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"ரிஜெக்ட் உன்னுது இல்ல. நான்தான் தப்பா ஏத்திட்டேன்" என்றார் இன்சார்ஜ், தரையைப் பார்த்து.

"பேக்கிங்குக்குக் கேக்கல சார்" என்றார் அக்கா.

இன்னொரு முறை சொன்னார். அக்கா கத்தியை எடுத்தார்.