செஃபலூவில் இரண்டு திறப்புகள்

கோபாலசிங்கம் அண்ணை கலியாணம் முடித்தவர் என்பதைப் பலெர்மோவில் பாதிப் பேர் மறந்துபோயிருந்தார்கள். அங்கே போர்கோ வெக்கியோப் பகுதியில் ஒரே அறையும் ஒரு சின்னக் குசினியும் உள்ள இடத்தில் நாங்கள் மூன்று ஆம்பிளைகள்: அவர், மன்னார் இராயப்பு, நான். அவருடைய மனைவி சிவமலர் அக்கா சிஞ்ஞோரா என்று நாங்கள் சொல்கிற ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டில் இராத் தங்கி வேலை செய்தா. வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் லீவு. அப்போது இரண்டு பேரும் துறைமுகம் வரை நடப்பார்கள், கடலைப் பார்த்தபடி ஒரு வாங்கில் உட்கார்ந்து கதைப்பார்கள், பொழுதுபட அண்ணை அக்காவைச் சிஞ்ஞோராவின் கதவடியில் விட்டுவிட்டு வருவார்.

கலியாணம் முடித்து நாலாம் மாதமே அவர் இத்தாலிக்கு வெளிக்கிட்டவர். அக்கா வந்து சேர வருசங்கள் போயின. வந்த பிறகும் இதே கூத்துத்தான். காதலிக்கிற பொடியன் பெட்டை மாதிரி என்று இராயப்பு பகிடி பண்ணுவான். எனக்கு அந்தப் பகிடி பிடிப்பதில்லை. காதலிக்கிறவர்கள் வாங்கில் இருக்கலாம். புருசனும் பெண்சாதியும் எவ்வளவு காலத்துக்கு வாங்கில் இருப்பது?

தொண்ணூற்றாறு சித்திரையில் சிஞ்ஞோரா இரண்டு நாளைக்குக் கத்தானியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதாயிருந்தது. "நீயும் எங்கேயாவது போ, செஃபலூவுக்குப் போ" என்று அவவே சொல்லியிருக்கிறா. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்ந்த மனுசி, பாடம் எடுக்காமல் ஒருவரை எங்கேயும் அனுப்பமாட்டா. ரயிலில் ஒரு மணித்தியாலம், பெரிய கோயிலில் பொன்னிறக் கற்களால் பதித்த யேசுவின் படம், பழைய காலத்துப் பெண்கள் உடுப்புத் தோய்த்த கல்தொட்டிகள், அதன்பிறகு ஒன்றையும் பார்க்காமல் மணலில் இருக்கவேண்டும். தங்குவதற்குத் தெரிந்த ஒரு பென்சியோனேயின், அதாவது சின்ன விடுதியின், ரெலிபோன் நம்பரையும் தந்திருந்தா.

அதற்கு முந்தின ஞாயிறு நானும் அவர்களோடு வாங்கில் இருந்தேன். அக்கா நிபந்தனைகளை அடுக்கினா.

"நான் சமைச்சுக் கட்டிக்கொண்டு வரமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்."

"ஒரு பிட்டுப் பார்சலாவது, மலர்?"

"பிட்டும் இல்லை, ஒண்டும் இல்லை. வாங்கிச் சாப்பிடுவம். பிறகு, ஒருத்தருக்கும் சொல்லப்படாது. எங்கட ஆக்கள் அறிஞ்சால் வான் பிடிச்சு, சோத்துப் பானையோடை வந்து இறங்குவினம்."

அது உண்மை. நாங்கள் கடலுக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் நாற்பது பேராகத்தான் போவோம். மூன்றாவது நிபந்தனையை அக்கா வாயால் சொல்லவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. ஒரு இரவு. புருசனோடு ஒரு அறையில் ஒரே ஒரு இரவு. கோயிலும் கல்தொட்டியும் அதற்குப் பிறகுதான்.

அறையைத் தானே போன் பண்ணி எடுத்துத் தரட்டோ என்று சிஞ்ஞோரா கேட்டிருக்கிறா. அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றுவிட்டது. "இந்த விசயத்துக்கு அவவைப் பேசச் சொல்லி எப்பிடிக் கேக்கிறது? நீங்களே எடுங்கோ" என்று அண்ணையிடம் விட்டா. அங்கேதான் பிழை நடந்தது.

அண்ணையின் இத்தாலியன் கோப்பை கழுவுகிற இடத்தில் படித்தது. அவர் வேலை செய்தது கலியாண விருந்து மண்டபத்தின் குசினியில். மத்திரிமோனியோ என்றால் கலியாணம், கலியாணம் என்றால் மலைமலையாய்க் கோப்பைகள். அந்தச் சொல்லைக் கேட்டாலே மனுசனுக்கு இடுப்பு நோகும்.

ரெலிபோன் பெட்டிக்குள் அவர் நின்றார், கதவைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். நாள் சொன்னார், பெயரைச் சொன்னார், பெயரை மூன்றாந்தரமும் சொன்னார். பிறகு முகம் இறுகிப்போனது.

"நோ, நோ. மத்திரிமோனியோ இல்லை. அது எப்பவோ முடிஞ்சுது. நாங்கள் துவே பெர்சோனே. துவே!"

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "துவே, சி, சி" என்று அழுத்தமாகச் சொல்லி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"கிறிகோரி, அந்த மனுசி எங்களைக் கலியாணப் பார்ட்டி எண்டு நினைச்சிட்டுது. மத்திரிமோனியாலே வேணுமோ எண்டு கேக்கிறா. நான் விடேல்லை. ரெண்டு பேர் எண்டு வடிவாச் சொல்லிப்போட்டன்."

"நல்ல வேலை அண்ணை" என்றேன். என் இத்தாலியனும் அதே குசினியில் படித்ததுதான்.

இனி நடந்ததை அவர்கள் இரண்டு பேரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். சேர்த்துப் பார்த்தால் ஒரே கதைதான்.

ரயில் முழுக்கக் கடலோரமாய்ப் போயிருக்கிறது. அக்கா யன்னலோரம் இருந்து, சும்மா இருப்பது எப்படி என்று பழகிக்கொண்டு வந்தாவாம். கைகள்தான் கேட்கவில்லை, இருக்கையின் தூசியைத் தட்டிக்கொண்டே வந்தனவாம். செஃபலூவில் இறங்கிப் பென்சியோனேக்குப் போனார்கள். எமிலியானா என்ற வீட்டுக்காரி சிரித்த முகத்தோடு கொளுக்கியில் தொங்கிய இரண்டு அறைத் திறப்புகளைக் கழற்றி மேசையில் வைத்தா. ஒன்று இரண்டாம் மாடி, மற்றது மூன்றாம் மாடி.

அக்காவின் இத்தாலியன் நல்லது. ஏன் இரண்டு என்று கேட்டா. "உன் புருசன்தான் மத்திரிமோனியாலே வேண்டாம், இரண்டு தனி அறை வேண்டுமென்றார்" என்றா எமிலியானா. புருசனும் பெண்சாதியும் படுக்கிற பெரிய கட்டில் உள்ள அறைக்குத்தான் இந்த ஊரில் அந்தப் பெயர் என்று அண்ணைக்கு அப்போதுதான் விளங்கியது. மாற்றித் தரவும் வழியில்லை. கொண்டாட்ட நாள் என்பதால் வீடு நிரம்பியிருந்தது. எமிலியானா சிரிக்கத் தொடங்கிவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டா.

"அங்கையும் தனிக் கட்டில். இஞ்சை வந்தும் தனிக் கட்டிலே?" என்றா அக்கா. கண் நிறைந்துவிட்டது.

அண்ணை மூன்றாம் மாடித் திறப்பை எடுத்து எமிலியானாவின் பக்கம் தள்ளினார். "ஒண்டு காணும்" என்று தமிழிலேயே சொன்னார். அவவுக்கு அது விளங்கியது.

சிஞ்ஞோரா சொன்னதெல்லாவற்றையும் பார்த்தார்கள். பெரிய கோயிலில் அண்ணை எந்த மூலையில் நின்றாலும் யேசு அவரையே பார்த்தாராம், மனுசன் பயந்து கும்பிட்டுவிட்டார். கல்தொட்டிகளைப் பார்த்து அக்கா விழுந்து விழுந்து சிரித்தா. "உடுப்புத் தோய்க்கிற இடத்தைக் காசு குடுத்து ரயிலேறி வந்து பாக்கிறன், பாத்தியளே!" பிறகு மணலில் இருந்தார்கள். பொழுதுபட்டது. ஒருவரையும் ஒரு கதவடியிலும் விடவேண்டியிருக்கவில்லை.

கட்டில் ஒரு ஆள் அகலம். ஒருவர் புரண்டால் மற்றவரும் புரளவேண்டும். அண்ணை ஒருக்கால் விழுந்தே விட்டார், முழங்கையில் காயத்தோடுதான் வந்தார். அவ்வளவு சந்தோசமான காயத்தை நான் பார்த்ததில்லை.

சிஞ்ஞோரா திரும்பி வந்ததும் படிப்பித்தவவின் வழக்கப்படி கேள்வி கேட்டிருக்கிறா: கோயிலில் என்ன பார்த்தாய், எது பிடித்தது? அக்கா எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னா. அன்று வேலை முழுவதையும் முடித்தா, இராச் சாப்பாட்டை மேசையில் வைத்தா. பிறகு தன்னுடைய பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றா.

"சிஞ்ஞோரா, விடிய ஏழு மணிக்கு வாறன். ஒவ்வொரு நாளும் வாறன். ஆனால் இரவிலை வீட்டை போவன்."

சிஞ்ஞோராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வீட்டுக்கோ? உனக்கு எங்கே வீடு இருக்கிறது?"

"அவர் படுக்கிற இடம்" என்றா அக்கா.

அன்று இரவு எங்கள் கதவைத் தட்டியது சிவமலர் அக்கா. திறந்தது நான். அவவுக்குப் பின்னால், அவவைக் கூட்டிக்கொண்டு வந்த அண்ணை எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் நின்றார். நான் இராயப்புவை எழுப்பினேன். இரண்டு பேரும் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு குசினிக்குள் போய்ப் படுத்தோம்.