சித்தி வெறுங்கையோடு வந்த நாள்

என் சித்தி யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போக மாட்டாள். பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் சொல்லவே வேண்டாம். செஞ்சிக் கோட்டை பார்க்க வருகிறவர்கள் ராஜகிரி ஏறி இறங்கி, நாக்கு வறண்டு வந்து நிற்கிற இடத்தில் குடை விரித்து மோரும் வெள்ளரிக்காயும் விற்றுக்கொண்டிருந்தாள். வியாபாரம் சுத்தமாகப் படுத்த நாளில்கூட, மிளகாய்ப்பொடி தூவிய ஒரு கீற்று வெள்ளரிக்காய் காகிதத்தில் மடித்து எனக்கு வந்துவிடும். அவளுக்குக் குழந்தை இல்லை. அம்மாவின் ஒரே தங்கை என்ற முறையில் என்மேல் அவளுக்குப் பாதி உரிமை இருந்தது. அந்தப் பாதியை முழுசாகவே எடுத்துக்கொண்டாள். அம்மாவும் விட்டுக்கொடுத்துவிட்டாள், என் தொல்லை பாதியாகக் குறைந்த நிம்மதியில்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது சித்தப்பா வீட்டுக்குப் பின்னால் குளியலறை கட்ட ஆரம்பித்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். கட்ட வேண்டிய இடத்தில் ஒரு புற்று இருந்தது. கடப்பாரையை எடுத்து அரை நாளில் அதைத் தரைமட்டமாக்கினார். பாம்பு எதுவும் வரவில்லை, கறையான்தான் வந்தது. ஆனாலும் அக்கம்பக்கத்துப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சில மாதம் கழித்துச் சித்தியின் மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. வலியே இல்லை என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வலிக்காததை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? அவளும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எதிர்வீட்டு அம்மாள் எடுத்துக்கொண்டாள்.

எங்கள் ஊரில் அந்த நோயின் பெயரை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. நோயை விழுங்கிவிட்டு 'புத்து' என்பார்கள், அதுவும் குரலை இறக்கி. பாம்பு குடியிருக்கிற புற்றும் எங்கள் வாயில் புத்துதான். ஒரே சொல்லாக இருந்ததால் காரணத்தைத் தேடி யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை. "புத்த இடிச்சாரு, பொண்டாட்டிக்குப் புத்து வந்துடுச்சி" என்று எதிர்வீட்டு அம்மாள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். படித்தவர்களும் தலையாட்டினார்கள். மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கும் அது சரியாக விடை வந்த கணக்கு மாதிரியே இருந்தது.

காரணம் தெரிந்துவிட்டதால் மருந்தும் தெரிந்துவிட்டது. மலையடிவாரத்தில் மஞ்சள் துணி சுற்றிய பெரிய புற்று ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் சித்தி அதற்குப் பால் ஊற்றி முட்டை வைத்தாள். முட்டையைச் சுமந்துபோகும் பொறுப்பு எனக்கு. உடையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. சித்தப்பாவும் வருவார். ஆனால் புற்றுக்கு அருகில் வர மாட்டார்; தூரத்துப் பாறை ஓரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்து நிற்பார். வீட்டிலும் அவர் சித்தியோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார். கட்டி வந்தது ஒருத்திக்கு, ஆனால் இளைத்துப் போனது இரண்டு பேரும். அத்தனை வெள்ளிக்கிழமைகளும் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் கழிந்தன.

அப்போதுதான் அந்த வேன் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிற ஓர் அமைப்பாம், சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். நரைத்த தலையோடு ஒரு டாக்டரம்மா மைக்கைப் பிடித்துத் தங்கள் அமைப்பின் கதையைச் சொன்னார். முடிந்ததும் பிஸ்கட் தருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால் நான் முழுவதும் கேட்டேன்.

சில டாக்டர்களும், இந்த நோய்க்கு வீட்டு ஆட்களைப் பறிகொடுத்த சில குடும்பங்களும் சேர்ந்து ஒரு வாடகை வீட்டில் தொடங்கியதாம். முன்னறையில் நோயாளிகள். பின்னால் சமையல்கட்டில் ஆராய்ச்சி. நுண்ணோக்கி வாங்க வழியில்லாமல் இருந்தபோது, மனைவியை இழந்த ஒருவர் அவளுடைய வளையல்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாராம். அதில்தான் முதல் நுண்ணோக்கி வந்ததாம். இப்போது மாடி மாடியாகக் கட்டிடம் எழும்பிவிட்டது, ஆனால் வேலை அதேதான் என்றார்.

"வந்தவங்களக் காப்பாத்தறது எங்க வேலைல பாதி. இன்னும் வராதவங்களுக்காகத் தேடறது மீதிப் பாதி."

வராதவர்களுக்காக ஏன் தேட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. பந்தலுக்கு வராதவர்களைச் சொல்கிறார் என்று நினைத்து, அவர்கள் பங்கு பிஸ்கட் மிஞ்சுமே என்று கணக்குப் போட்டேன்.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றதும் சித்தி எழுந்துவிட்டாள். அத்தனை பேர் நடுவில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டாள்.

"புத்த இடிச்சா புத்து வருங்களா?"

கடைசி வரிசையில் நின்ற சித்தப்பா தரையைப் பார்த்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"இது ஏன் வருதுன்னுதாம்மா இத்தனை வருஷமா தேடிக்கிட்டு இருக்கோம். முழுசாத் தெரிஞ்சிடுச்சின்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா கடப்பாரையால வர்றதில்ல. அது எங்களுக்கு நல்லாத் தெரியும்."

பின்னாலிருந்து ஒரு விம்மல் கேட்டது. சித்தப்பா துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பெரிய ஆண் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவருக்கு எங்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்துப் பயந்துபோய்ச் சித்தியைப் பிடித்து இழுத்தேன். சித்தி அவர் பக்கத்தில் போய் நின்று, "உடு மாமா, அதான் சொல்லிட்டாங்கல்ல" என்றாள். அன்று இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அதன்பிறகு சித்தி வைத்தியத்துக்காகச் சென்னையில் அவர்களிடமே போய் வர ஆரம்பித்தாள். போகும்போதெல்லாம் எனக்கு ஏதாவது வந்தது: ஒரு கிளிப், க்ரீம் பன், தொட்டால் கண்ணை மூடுகிற பொம்மை. தலைமுடி கொட்டியபோது, கோட்டைப் பாறையில் வெயில் பட்டால் மினுங்குகிற மாதிரி மினுங்குகிறதா பார் என்று குனிந்து காட்டினாள். நானும் தடவிப் பார்த்துச் சிரித்தேன். அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஆபரேஷன் முடிந்து வந்த அன்றைக்கு அவள் கையில் ஒன்றுமில்லை. பையைக் கவிழ்த்தே பார்த்துவிட்டேன். மாத்திரைகளும் ஒரு துண்டும்தான் விழுந்தன.

"எனக்கு இன்னா வாங்கினு வந்த?"

சித்தி மாத்திரைகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். "இந்த வாட்டி வாங்கினு வர்ல. ஒனக்குன்னு அங்கியே குடுத்துட்டு வந்துக்கிறேன். பெரிய ஃபிரிஜ்ல வச்சிருக்காங்க."

"இன்னாது அது?"

"இப்போ சொன்னா ஒனக்குத் தெரியாது. நீ பெரியவளானதும் போய் வாங்கிக்கோ."

ஃபிரிஜ்ஜில் வைப்பது என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மறுநாளிலிருந்து அந்த ஐஸ்கிரீமின் நிறத்தைப் பற்றி நான் யோசிக்காத நாளில்லை. அதை இரண்டு மூன்று தோழிகளுக்கு வாக்குக் கொடுத்தும் வைத்திருந்தேன்.

சித்தி பிழைக்கவில்லை. நேரம் கடந்து வந்திருக்கிறார்கள் என்று டாக்டர்கள் முதல் நாளே சொல்லியிருந்தார்களாம். எங்களிடம் அதை அவள் காட்டிக்கொள்ளவில்லை. கடைசி வரைக்கும் அவள் சித்தப்பாவை ஒரு சொல் சொல்லவில்லை. குளியலறை மட்டும் கூரையில்லாமல் அப்படியே நின்றது. அதைக் கட்டி முடிக்கச் சித்தப்பாவுக்கு மனம் வரவே இல்லை.

மறுவருஷம் வேன் திரும்ப வந்தது. நான் வீட்டிலிருந்து பால் வாங்குகிற எவர்சில்வர் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். வழியில் உருகினாலும் கீழே வழியாதே என்ற முன்யோசனைதான். வரிசையில் நின்ற பெண்களைத் தள்ளிக்கொண்டு போய் டாக்டரம்மாவுக்கு முன்னால் தூக்கை நீட்டினேன்.

"எங்க சித்தி எனக்குன்னு உங்க ஃபிரிஜ்ல வச்சிட்டுப் போயிருக்குது. குடுங்க."

எந்தச் சித்தி என்று கேட்டார். புத்தைப் பற்றிக் கேட்ட சித்தி என்றேன். அவர் நாற்காலியை விட்டு இறங்கி என் முன்னால் குந்தினார். தூக்கை இரண்டு கையாலும் வாங்கி, உள்ளே ஏதோ இருக்கிற மாதிரி பார்த்தார்.

"பத்திரமா இருக்கும்மா. எடுத்துக் குடுக்க இன்னும் நாளாகும்."

அவர் கண் கலங்கியிருந்தது. கொடுக்க மனமில்லாதவர்கள் அழுதும் காட்டுவார்கள் போலிருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா தூக்கை வாங்கி, ஒன்றுமே வாங்காத அந்தத் தூக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் அம்மா விஷயத்தைச் சொன்னாள். அறுத்தெடுத்த கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்காக உறையவைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்றும் சொல்லலாம் என்றிருக்கிறார்கள். அதனால் தனக்குக் குணமாகுமா என்று சித்தி கேட்டாளாம். உங்களுக்கு ஆகாது, பின்னால் வருகிறவர்களுக்கு ஆகலாம், உங்கள் குடும்பத்துப் பெண்களுக்கும் ஆகலாம் என்றார்களாம். உடம்பிலிருந்து எடுத்ததைப் போய்க் கொடுப்பாயா என்று அம்மா சண்டை போட்டிருக்கிறாள். "எங்கிட்டக் குடுக்க வேற இன்னாக்கா இருக்குது" என்றாளாம் சித்தி.

போன வருஷம், சித்தி போய்வந்த அதே சென்னை ஆஸ்பத்திரியில், என் மார்பில் ஒரு கட்டியைக் கண்டுபிடித்தார்கள். கைக்குத் தட்டுப்படாத அளவில், படத்தில் மட்டும் தெரிந்தது. சித்திக்கு முப்பது வயதுக்குள்ளேயே வந்ததால்தான் என்னை இத்தனை சீக்கிரமே பார்க்கத் தொடங்கியதாக அங்கிருந்த டாக்டர் பெண் சொன்னாள். இது குடும்பத்தில் எப்படி இறங்குகிறது என்பதை, முன்னால் கொடுத்துவிட்டுப் போனவர்களை வைத்துத்தான் கற்றுக்கொண்டார்களாம். சித்தி கொடுத்தது இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். பெயரை எடுத்துவிட்டு எண்ணாகத்தான் வைத்திருப்பார்கள், எது யாருடையது என்று தெரியாது என்றாள். சித்தியின் பெயர்கூட அங்கே இல்லை என்பதைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்தாயிற்றே, ஏன் அழுகிறீர்கள் என்று அந்தப் பெண் பதறினாள்.

கட்டியை எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார்கள். செஞ்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தூரத்தில் மலை தெரிகிற வரைக்கும் அவளையே நினைத்துக்கொண்டு வந்தேன். பையைக் கவிழ்த்து உதறிவிட்டு, சித்தி என்னை ஏமாற்றிவிட்டாள் என்று அன்று முழுக்க அவளோடு பேசாமல் இருந்தேன். அன்றைக்கும் அவள் வெறுங்கையோடு வரவில்லை என்பது எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.