உள்ளே ஓர் இடம்

சோற்றின் மேல் ஒரு பூவரசம்பூ விழுந்தது. எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அக்கா அதை எடுத்து என் காதோரம் செருகிவிட்டு, "சாப்புடு பாப்பா, ஆறிடப் போவுது" என்றாள். எதிரே அன்று காலைதான் நட்டு முடித்த வயல். நாற்றுகளுக்கு இடையில் தேங்கிய தண்ணீரில் வானம் கிடந்தது. நட்டுவிட்டு வந்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பேசிச் சிரித்தபடி சாப்பிட்டார்கள். வாய்க்கால் பக்கமிருந்து ஈரக்காற்று வந்துகொண்டே இருந்தது. அதைவிட ருசியான சாப்பாட்டை நான் சாப்பிட்டதே இல்லை என்று பல வருடங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். திருவிடைமருதூர்ப் பக்கம் எங்கள் ஊர். எங்களுக்கு நிலம் கிடையாது. அம்மா இறந்ததும் அக்கா ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு நடவுக்குப் போனாள், என்னை நிறுத்தவிடவில்லை. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என்னைத் தனியாக விட மனமில்லாமல் தன்னோடு வயலுக்குக் கூட்டிப்போவாள். நடவு நாட்களில் நிலக்காரர் வீட்டில் மதியச் சாப்பாடு உண்டு. வீட்டின் பின்பக்கம் கொல்லை, கொல்லையைத் தாண்டியதும் வயல். கொல்லையில் நின்ற பூவரச மரத்தடியில்தான் எங்களுக்கு இலை போடுவார்கள்.

அக்கா படிக்க வைத்த படிப்பு என்னைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, நான்காவது மாடியில் வீடு, ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். அதனால்தானோ என்னவோ, மரத்தடியில் மேசை போட்டிருக்கும் உணவகங்களைத் தேடிப் போவது எனக்கு ஒரு கிறுக்காகவே ஆகிவிட்டது. இந்த ஊரில் அது லேசுப்பட்ட காரியமில்லை. மொட்டை மாடித் தோட்டம் என்பார்கள். ஏறிப் போனால் தகரக் கூரையும் பிளாஸ்டிக் புல்லும் இருக்கும். திறந்தவெளி என்பார்கள், நான்கு தொட்டிச் செடிகளுக்குப் பின்னால் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் கொசு உட்கார விடாது. கடைசியில் அடையாறு பக்கம் ஒரு பழைய பங்களாவின் தோட்டத்தில் நான் தேடிய இடம் அகப்பட்டது. இரண்டு பெரிய தூங்குமூஞ்சி மரங்கள், மண் தரை, தள்ளித் தள்ளிப் போட்ட மேசைகள். முதல் தடவை அங்கே சாப்பிட்டபோதே அக்காவை இங்கே கூட்டிவர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

இந்த வருடம் சம்பா அறுப்பு முடிந்த கையோடு, கண்ணைக் காட்டிக்கொள்ள அக்கா சென்னைக்கு வந்தாள். இப்போது அவளே குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மரத்துக்கு நேர் கீழே இருக்கும் மேசையைச் சொல்லிவைத்தேன். கல்யாணங்களுக்கு மட்டும் உடுத்தும் அரக்குப் பட்டை உடுத்திக்கொண்டு அக்கா கிளம்பினாள். உணவகத்தில் பரிமாறுபவர் எங்களைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய், "உக்காருங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள எடம் இல்லையா தம்பி?" என்று அவரிடம் கேட்டாள்.

"இருக்கும்மா. மேடம்தான் இந்த டேபிளக் கேட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை நாள் ஆசை. "அக்கா, நாம அந்த வீட்டுல மரத்தடியில சாப்புடுவோமே, எனக்கு இன்னமும் அதான் ஞாபகம். அதுக்காகத்தான் இந்த எடத்தத் தேடிப் புடிச்சேன்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பரிமாறுபவர் நாசூக்காக நகர்ந்துகொண்டார்.

அக்கா என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. "உனக்கு அது மரத்தடி பாப்பா. எனக்கு அது கொல்லப்பக்கம். அந்த வீட்டுக் கூடத்துல அம்பது பேரு உக்காந்து சாப்புடலாம். உள்ள வாங்கன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. உன்ன எப்பவும் வயலப் பாக்க உக்கார வைப்பேனே, எதுக்குன்னு நெனச்ச? அந்தப் பக்கம் திரும்புனா கூடம் தெரியும். நாம ஏன்க்கா அங்க உக்காரலன்னு நீ கேப்ப. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியாது."

தண்ணீரில் கிடந்த வானமும் ஈரக்காற்றும் எனக்குத் தானாக வாய்த்தவை என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். இருபது வயதுப் பெண் ஒருத்தி, கூலிக்கு நட்டுவிட்டு வந்த களைப்போடு, தங்கை எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று யோசித்து உட்கார வைத்திருக்கிறாள். நான் கொண்டாடிய அந்த மதியங்களை அவள் எப்படி விழுங்கினாள் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

உள்ளே போனோம். கூடத்தின் நட்டநடுவில் இருந்த மேசையை அக்காவே காட்டினாள். வஞ்சிரம் வறுவலும் ரசமும் நன்றாக இருப்பதாகச் சொல்லி, மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பேச்சு கண்ணாடி, மருந்து, ஊரில் உளுந்து விதைத்தது என்று போயிற்று. இடையிடையே கண்ணாடிச் சுவர் வழியாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டாள். அங்கே ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தது.

"உள்ள இவ்வளவு எடம் கெடக்கு. அவங்க எதுக்கு வெளியில இருக்காங்க?"

"அவங்களுக்கு அங்க புடிச்சிருக்குக்கா."

"அவங்களாவே போயி உக்காந்திருக்காங்க" என்று தனக்குச் சொல்லிக்கொள்வதுபோல் சொன்னாள். கை கழுவிவிட்டு வந்தவள் மறுபடி உட்காரவில்லை. "காப்பிய வேணா அங்க போயிக் குடிப்போமா?"

அவள்தான் முன்னால் நடந்தாள். நான் சொல்லிவைத்த மேசையைத் தாண்டிப்போய், மதில் ஓரமாக, வெயில் லேசாக விழும் ஒரு மேசையைத் தேர்ந்தெடுத்து, நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காபி வந்தது. குடித்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மண்ணில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு காப்பி சொல்லு பாப்பா" என்றாள். "கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போவோம்."