பத்திரிகை வைத்துக் கூப்பிட்ட கூட்டம்

கள்ளிக்குப்பத்தில் கிருபாகரனுக்கு 'கம்ப்யூட்டர் ரிப்பேர் சார்' என்று பெயர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் கணினிகளுக்குள் திருடன் நுழையாமல் காவல் பார்ப்பதுதான் தன் வேலை, அதற்குத் தகவல் பாதுகாப்பு என்று பெயர் என்று பதினோரு வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். "சரி சார், எங்க பிரிண்டர்ல மை வரல, ஒரு நடை வந்துட்டுப் போங்க" என்பார்கள். போவார். மை வரும். பெயர் இன்னும் கெட்டிப்படும்.

விருதுநகரிலிருந்து வந்த மனிதர். யாரையும் லேசில் நம்பமாட்டார். லேப்டாப்பின் கேமராக் கண்ணை மனைவி தாட்சாயிணியின் ஸ்டிக்கர் பொட்டால் மூடி வைத்திருப்பார். வீட்டு வைஃபைக்கு இருபத்தெட்டு எழுத்தில் கடவுச்சொல். மாமனார் வந்து தங்கினால் நாலு நாளும் செய்தித்தாளைத்தான் படித்துக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்டவருக்குச் சங்கம் தொடங்கும் ஆசை வந்ததற்குக் காரணம் சோழிங்கநல்லூர். உலகம் முழுக்கக் கிளைகள் உள்ள பாதுகாப்பு வல்லுநர் சங்கம் ஒன்றில் அவர் உறுப்பினர். சென்னைக் கிளையின் கூட்டமெல்லாம் அங்கேதான். இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ, இரண்டரை மணி நேரம். போன வருடம் ஒரு தடவை அவர் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "லேட்டா சார்?" என்று கேட்டவனிடம் ஒரு காகிதக் கப் காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு, அதே இரண்டரை மணி நேரம் திரும்பி வந்தார். அம்பத்தூர் வந்து சேரும் முன்பே முடிவு செய்துவிட்டார்: நமக்கென்று ஒரு கிளை வேண்டும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று அலைந்து இருபத்தாறு பேரைப் பிடித்தார். தலைமையகமும் ஒத்துக்கொண்டது, ஆனால் ஆறு மாதத்துக்கு மட்டும். அதற்குள் மூன்று கூட்டம் நடத்த வேண்டும். ஒவ்வொன்றிலும் குறைந்தது பதினைந்து உறுப்பினர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் கிளை கலைந்துவிடும், பழையபடி சோழிங்கநல்லூர்.

இரண்டு கூட்டம் நன்றாகவே நடந்தது. இரண்டாவதில் கிருபாகரனே பேசினார். தலைப்பு, 'யாரையும் நம்பாதீர்கள்'. நல்ல கைதட்டல். கைதட்டலுக்குக் குனிந்து வணங்கிய வேகத்தில் அவர் கையிலிருந்த சாம்பார் வடை, சங்கச் செயலாளர் அகல்யாவின் லேப்டாப் மேல் கவிழ்ந்தது தனிக் கதை.

மூன்றாவது கூட்டத்துக்குத்தான் விபரீத ஆசை வந்தது. இதுவரை போனில் கூப்பிட்டவர், இந்த முறை பெரிய கிளைகளைப் போல மின்னஞ்சலில் அழைக்கலாம் என்று தலைமையகத்தின் புதிய அஞ்சல் வசதியைப் பிடித்தார். எல்லாரும் வர வேண்டுமே என்ற பதற்றத்தில் இப்படி எழுதினார்:

'மிக அவசரம்! உங்கள் உறுப்பினர் தகுதி முடிவடையலாம்! இன்றே கீழே உள்ள இணைப்பைத் தட்டவும்!'

வியாழக்கிழமை அனுப்பினார். வெள்ளிக்கிழமை மதியம் வரை ஒருவரும் பதிவு செய்யவில்லை. மாறாக, ஒன்பது பேர் அது மோசடி அஞ்சல் என்று புகார் கொடுத்திருந்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் அகல்யா சிவப்பு எழுத்தில் ஒரு படம் போட்டிருந்தாள்: 'எச்சரிக்கை. நம் தலைவர் பெயரில் போலி அஞ்சல் உலவுகிறது.'

பதறிப்போய், 'நான்தான் அனுப்பினேன், உண்மையான கிருபாகரன்' என்று குழுவில் போட்டார்.

'பாவம், அவர் போனையும் பிடிச்சுட்டாங்க' என்று பதில் வந்தது. அடுத்த நிமிடம் பாதுகாப்பு கருதி அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். போன் செய்தார். "குரலை அப்படியே காப்பி அடிக்கறாங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க, அதாவது எங்க சார் சொன்னாரு" என்று வைத்துவிட்டார்கள்.

கூட்டம் ஞாயிறு மாலை நாலு மணிக்கு. திங்களோடு கெடு முடிகிறது.

"நம்ம கல்யாணத்துக்கு எப்படிக் கூப்பிட்டோம்? மெயிலா அனுப்பினோம்?" என்றாள் தாட்சாயிணி.

சனிக்கிழமை காலை ஸ்கூட்டர் கிளம்பியது. முன்னால் கிருபாகரன், பின்னால் பட்டுப்புடவையில் தாட்சாயிணி, மடியில் தாம்பாளம். அதில் குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம், கற்கண்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய இருபத்தாறு பத்திரிகைகள்.

முதல் வீடு சேக்காட்டில் அகல்யாவுடையது. கதவு திறக்கவில்லை. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"போன கூட்டத்துல என் லேப்டாப் மேல என்ன கொட்டினீங்க?"

"சாம்பார்மா. வடையோட."

"எத்தனை வடை?"

"ஒண்ணரை."

கதவு திறந்தது. அகல்யா குங்குமம் எடுத்துக்கொண்டு, "அப்போ அந்த மெயில் நெஜமாவே சங்கத்துதா? எந்த மடையன் சார் எழுதினது?" என்று கேட்டாள்.

"ஹெட் ஆபீஸ்ல யாரோ" என்று கிருபாகரன் வாயிலிருந்து வந்துவிட்டது.

படியிறங்கும்போது தாட்சாயிணி, "ஹெட் ஆபீஸ் நம்ம ஹால்ல சோபா மேல உக்காந்து எழுதிச்சே, நான் பாத்தேன்" என்றாள். அவர் ஸ்கூட்டரை உதைத்தார். ஒரு வீட்டில் சொன்னதைப் பிறகு எல்லா வீட்டிலும் சொல்ல வேண்டியதாயிற்று. பத்தொன்பது வீட்டில் ஆள் இருந்தார்கள். முத்தாபுதுப்பேட்டையில் செங்கல்வராயன் வீடு பூட்டிக் கிடந்தது. உறுப்பினர்களில் மூத்தவர், எதையும் மூன்று தடவை சரிபார்ப்பவர், மோசடி அஞ்சல் என்று முதல் புகார் கொடுத்தவரும் அவர்தான். பத்திரிகையைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏகாம்பரத்தின் மாடி ஹாலில் முப்பது நாற்காலி போட்டிருந்தது. ஏகாம்பரம் கள்ளிக்குப்பத்துப் பழைய குடும்பம். நெல் விளைந்த இடத்தில் இப்போது கீழே ஹார்டுவேர் கடை, மேலே ஹால். நாலரை மணிக்கு எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, பதினாலு தலதான் கீது? போன வாரம் இங்க காது குத்துக்கே எரநூறு பேர் வந்துகினாங்கோ."

"இன்னும் ஒருத்தர் வந்தாப் போதும் அண்ணே."

"ஒருத்தர்தானே? எதிர் டீக்கடையில ஒரு பெரியவரு மூணு மணிலேர்ந்து நம்ம ஊட்டையே மொறைச்சுகினு நிக்கிறாரு. நாலு டீ ஆயிடுச்சு. போலீசுன்னு நெனச்சேன்."

கிருபாகரன் ஓடினார். செங்கல்வராயனேதான். கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை.

"சார், மேல வாங்க. உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்."

"உங்களைக் காப்பாத்தத்தான்யா வந்தேன். உங்க பேர்ல எவனோ கூட்டம் போடறான். ஆளைக் கையும் களவுமாப் பிடிக்கலாம்னு நிக்கறேன்" என்றவர் குரலைத் தணித்தார். "அந்த மெயிலை யார் எழுதினதுன்னு ஏதாவது தெரிஞ்சுதா?"

ஹெட் ஆபீஸ் என்பது நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இந்த மனிதர் நாளைக் காலையே தலைமையகத்துக்குப் போன் போட்டு மூன்று தடவை சரிபார்ப்பார்.

"நான்தான் சார்."

"நீங்களா? 'யாரையும் நம்பாதீர்கள்'னு ஒரு மணி நேரம் பேசினவரா?"

"ஆமா சார்."

செங்கல்வராயன் டீக் கிளாசை வைத்தார். "கையெழுத்துப் போடறேன். ஆனா மேல வந்து, எல்லார் முன்னாடியும் இதையே சொல்லணும்."

படியேறும்போது கிருபாகரன் கணக்குப் போட்டுப் பார்த்தார். தலைவராகத் தொடங்கிய கூட்டத்தை மடையனாக முடிக்க வேண்டும். இல்லையென்றால் சோழிங்கநல்லூர். சொல்லிவிட்டார். அந்த அஞ்சலையே சுவரில் பெரிதாகப் போட்டும் காட்டினார். முன்வரிசையிலிருந்து அகல்யா, "மூணு ஆச்சரியக்குறி. இதிலேயே சந்தேகம் வரணும்" என்றாள். அவ்வளவுதான், ஆளாளுக்குத் தொடங்கிவிட்டார்கள். அவசரப்படுத்தியது தப்பு, மிரட்டியது தப்பு, இணைப்பு வைத்தது தப்பு. திருடன்கூட இதைவிட மரியாதையாக எழுதுவான் என்றார் ஒருவர். பதினோரு குற்றம் கண்டுபிடித்தார்கள். பின்வரிசையில் தாட்சாயிணி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் கிருபாகரனும். ஏகாம்பரம் தனக்கு வந்த லாட்டரிப் பரிசுச் செய்தியைக் கொண்டுவந்து, "இத்தையும் பாத்து சொல்லுங்கப்பா" என்று நடுவில் உட்கார்ந்துவிட்டார். ஆறரை வரைக்கும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

செங்கல்வராயன் சொந்தப் பேனாவால் பதினைந்தாவது கையெழுத்தைப் போட்டார். அடுத்தவர் பார்க்காதபடி இடது கையால் மறைத்துக்கொண்டுதான்.

செவ்வாய்க்கிழமை தலைமையகத்திலிருந்து அஞ்சல் வந்தது. 'வாழ்த்துகள்! உங்கள் கிளை நிரந்தரமாக்கப்பட்டது! சான்றிதழைப் பெற உடனே கீழே தட்டவும்!'

கிருபாகரன் ஆச்சரியக்குறிகளை எண்ணினார். மூன்று. விரல் இணைப்பின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போனை எடுத்துச் செங்கல்வராயனைக் கூப்பிட்டார்.

"சார், ஒரு மெயில் வந்திருக்கு..."

"தொடாதீங்க" என்றார் அவர். "அங்கேயே இருங்க. நேர்ல வரேன்."