பேட்டரி இல்லாமல் ஓடிய வைண்டர்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், பிற்பகல் மூன்று மணிக்கு. பதினெட்டு வருடமாக இருட்டறையில் தனியாக நின்று ஃபிலிம் கழுவுகிறவன் நான். சும்மா பயப்படுகிற ஆள் இல்லை.

என் கேமராவில் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கட்டைவிரலால் லீவரைத் தள்ளி ஃபிலிமை நகர்த்த வேண்டும். அந்த வேலையை மோட்டாரே பார்த்துக்கொள்ளும் வைண்டர் ஒன்று, கேமரா ரிப்பேர்க்காரரிடம் பழசாகக் கிடைத்தது. கேமராவின் அடியில் திருகி மாட்டி, நாலு பேட்டரி போட்டால் போதும். க்ளிக்... ஸ்ர்ர்ர். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று ஞாயிறு. மாடியில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்கு ஏழு வயது மகளை அழைத்துப் போனேன். வீட்டில் அவள் பெயர் வாண்டு. ஸ்டூலில் உட்காரவைத்து முப்பத்தாறு படம் எடுத்துத் தள்ளினேன். கடைசியில்தான் கவனித்தேன்... ஃபிலிம் நகரும்போது சுழல வேண்டிய ரீவைண்ட் குமிழ் அசையவே இல்லை. ஃபிலிமின் நுனி உள்ளே மாட்டாமலே இருந்திருக்கிறது. கையால் தள்ளியிருந்தால் விரலுக்கே தெரிந்திருக்கும். மோட்டாருக்கு என்ன தெரியும்?

“ஐயே! வெறும் டப்பாவுக்கா இவ்ளோ நேரம் சிரிச்சேன்?” என்றாள் வாண்டு. அசடு வழிந்தேன்.

மூடியைத் திறந்து ஃபிலிமை ஒழுங்காக மாட்டினேன். எத்தனை படம் எடுத்தாயிற்று என்று கேமராவின் மேல் காட்டும் எண் மறுபடி ஆரம்பத்துக்கு வந்தது. ஸ்டூலைப் பார்த்தபடி கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினேன். வாண்டு கை வைத்து ரோலைத் தீர்த்துவிடுவாளே என்று பேட்டரிகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஃபிலிம் கழுவும் மருந்து கலக்க இருட்டறைக்குப் போனேன். மணி 3.05.

க்ளிக்... ஸ்ர்ர்ர்.

“வாண்டு, கேமராவைத் தொடாதே!”

“நான் தொடலப்பா!” குரல் தூரத்திலிருந்து வந்தது.

க்ளிக்... ஸ்ர்ர்ர். நிதானமாக, விட்டு விட்டு. விளையாட்டுக் காட்டுகிறாள் என்று கலக்கிக்கொண்டிருந்தேன். கைக்குட்டை எடுக்கப் பைக்குள் கை விட்டபோதுதான் உறைத்தது. நாலு பேட்டரியும் என்னிடம் இருந்தன.

வெளியே வந்தேன். மணி 3.11. கேமராவின் அருகில் யாரும் இல்லை. குமிழ் தானாகச் சுழன்றது. எண் முப்பத்திரண்டு. லென்ஸ் ஸ்டூலைப் பார்க்கவில்லை. பின்கதவுப் பக்கம் திரும்பியிருந்தது.

அந்தக் கதவுக்கு வெளியே ஓர் இரும்புப் படிக்கட்டு இருந்தது. துருப்பிடித்துவிட்டதென்று போன வாரம்தான் கழற்றினார்கள். கதவுக்கு நானே தாழ் போட்டிருந்தேன்.

கதவு திறந்திருந்தது.

வாண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி... பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தாள்.

முப்பத்து மூன்று... ஓர் அடி.

முப்பத்து நான்கு...

ஓடினேன்.

முப்பத்தைந்து.

கையைப் பிடித்து இழுத்தேன். அவளுடைய குதிகால் வாசலுக்கு வெளியே இருந்தது.

“ஏம்ப்பா இழுக்கறீங்க? நீங்கதானே சொன்னீங்க... இன்னும் ஒண்ணுதான், கொஞ்சம் பின்னாடி போன்னு?”

நான் அப்படிச் சொல்லவே இல்லை.

மறுநாள் காலை 9.30. வைண்டரை ரிப்பேர்க்காரரின் மேசையில் வைத்தேன். “பேட்டரி இல்லாமலே ஓடுது” என்று மட்டும் சொன்னேன். வாண்டுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் முகம் வெளிறியது.

“கட்டைவிரல் இல்லாத ஒருத்தரோடதுங்க இது. லீவர் தள்ள முடியாதுன்னு வாங்கினாரு. மொட்டைமாடில மகளைப் படம் எடுத்திருக்காரு. முப்பத்தஞ்சு ஆச்சு. ‘இன்னும் ஒண்ணுதான், கொஞ்சம் பின்னாடி போ’ன்னாராம்... அந்த மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. முப்பத்தாறாவதை எடுக்கவே இல்ல, கேமராவை அப்படியே கீழ போட்டுட்டு ஓடியிருக்காரு.”

குரலைத் தாழ்த்தினார்.

“அந்த ரோலை நான்தான் கழுவினேன். முப்பத்தாறு படமும் இருந்துச்சு.”

வைண்டரை அங்கேயே விட்டு வந்தேன். என் ரோலை நான் கழுவவில்லை. அது கேமராவுக்குள்ளேயே இருக்கிறது, பீரோவில், பூட்டிய கதவுக்குப் பின்னால். தினமும் காலையில் பீரோவைத் திறந்து, எண் முப்பத்தைந்தில்தான் நிற்கிறதா என்று பார்த்த பிறகே வாண்டுவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறேன்.